20ஆம் தேதியும் ஒரு லேத் பட்டறையும்

நான் கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வேலையைச் சொன்னதும் எல்லாரும் "மார்ச் மாசம் பிழிஞ்சு எடுத்துடுவாங்களே" என்பார்கள். மார்ச் வருடத்துக்கு ஒரு முறைதான், சமாளித்துவிடலாம். 20ஆம் தேதிதான் மாதாமாதம் வந்து நிற்கிறது. மாதக் கணக்குக் காட்டுகிறவர்கள் ஜிஎஸ்டிஆர் 3பி என்ற ஜிஎஸ்டி கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்ய அதுதான் கடைசி நாள். பத்து நாள் முன்பே பில்லைக் கொடுங்கள் என்று கெஞ்சினாலும் பாதிப் பேருக்கு 19ஆம் தேதி சாயந்திரம்தான் ஞாபகம் வரும். பில்லைக் கல்லாப்பெட்டி மேலேயே வைத்து, பாதி கட்டைவிரலும் மீதி பில்லுமாக ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்பில் தட்டிவிட்டு, அடுத்த நிமிடமே போன் போட்டு "மேடம், பில் அனுப்பிட்டனுங்க, பாத்தீங்களா" என்பார்கள். நீலக் குறி விழுந்துவிட்டால் அதற்கும் ஒரு போன், "பாத்துட்டீங்க போல, ஒண்ணும் சொல்லலையே" என்று.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு 20ஆம் தேதி ஒரு காரியம் செய்தேன். காலை 10 மணியிலிருந்து 11 மணி வரை, பழைய சலான் ஒன்றின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். கையில் இருக்கும் வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போதெல்லாம் ஒரு கோடு. 11 மணிக்கு எண்ணிப் பார்த்தால் 31. போன், வாட்ஸப், இன்டர்காமில் சார், "அக்கா, இந்த பில்லுல சரக்கோட ஹெச்எஸ்என் நம்பரே இல்லையே" என்று வந்து நிற்கும் புதுப் பெண், கூரியர்காரர், கேன் தண்ணீர். எல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, அதில் 9 கோடு நானே எனக்குப் போட்டுக்கொண்டது. யாரும் கூப்பிடவில்லை, எதுவும் ஒலிக்கவில்லை. ஒரு கூட்டல் கொஞ்சம் சிக்கலாக இருந்தது, உடனே கை போனுக்குப் போய்விட்டது. மகளின் ஸ்கூல் குரூப்பில் நாளைக்கு என்ன கலர் டிரஸ் என்று பார்த்துவிட்டு வந்தேன். அந்தத் தகவல் முந்தின நாளே எனக்குத் தெரியும்!

இதைப் பற்றி அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் ஒரு பழைய காயம்.

2019-ல் நடந்தது. எங்களிடம் ஒரே சாமி பெயரில் இரண்டு கம்பெனிகள் கணக்குக் கொடுத்திருந்தன. ஒன்று இண்டஸ்ட்ரீஸ், மற்றது என்டர்பிரைசஸ். இரண்டு பேருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, சாமி மட்டும்தான் பொது. ஒரே பிரவுசரில் இரண்டு பேருக்கு லாகின் செய்ய முடியாது என்பதால் குரோமில் ஒருவரையும் பயர்பாக்ஸில் இன்னொருவரையும் திறந்து வைத்து, நடுவில் எக்செல் ஷீட்டையும் வைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் 3பி-யில் தொகையை நாம்தான் கையால் அடிக்க வேண்டும். இன்புட் தொகையை (சரக்கு வாங்கும்போதே கட்டிய வரி, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) அடிக்கப் போகும் நேரத்தில் ஒரு போன். "மேடம், சனிக்கிழமை ஆபீஸ் உண்டுங்களா?" உண்டு என்று சொல்லி வைத்துவிட்டு வந்தேன். மொத்தம் பத்து நொடிகூட இருக்காது. திரும்பி வந்த கண் தவறான ஷீட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. என்டர்பிரைசஸின் இன்புட்டை எடுத்து இண்டஸ்ட்ரீஸின் கட்டத்தில் அடித்து, ஓடிபி வாங்கி, தாக்கல் செய்து, அந்த ஃபைலை மூடி நிம்மதியாக டீயும் குடித்துவிட்டேன்.

3பி-யைத் தாக்கல் செய்துவிட்டால் திருத்த முடியாது. அடுத்த மாதக் கணக்கில்தான் நேர் செய்ய வேண்டும், கூடுதலாக எடுத்துப் பயன்படுத்திய இன்புட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். வட்டியை ஆபீஸ் ஏற்றுக்கொண்டது. சார் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கவனச் சிதறல் என்று தேடினால் எல்லா இடத்திலும் ஒரு 23 நிமிடக் கணக்கு வரும். ஒருமுறை வேலை தடைபட்டால் மறுபடி அந்த வேலைக்கு வந்துசேர 23 நிமிடம் ஆகிறதாம். நான் முதலில் படித்தபோது சிரித்தேன், என் வேலையில் சேர்ந்தாற்போல் 23 நிமிடம் கிடைத்ததே கிடையாதே, அப்படியென்றால் நான் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த அன்று கிளம்பியவள் இன்னும் திரும்பி வரவே இல்லையா? அப்புறம் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த பேராசிரியை குளோரியா மார்க் சொன்ன கணக்கு அது. அந்த 23 நிமிடமும் ஆட்கள் திகைத்துப்போய் உட்கார்ந்திருப்பதில்லை, இடையில் வேறு இரண்டு வேலையைப் பார்த்துவிட்டுத்தான் பழைய வேலைக்கு வருகிறார்கள். பகிர்கிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். அவருடைய குழு 2004 வாக்கில் ஸ்டாப் வாட்சும் கையுமாக ஆபீஸ் ஆட்களின் பின்னால் உட்கார்ந்து அளந்தபோது ஒருவர் ஒரு திரையைச் சராசரியாக இரண்டரை நிமிடம் பார்த்தார். 2012-ல் அது 75 நொடி. அதற்குப் பிந்தைய வருடங்களில் 47 நொடி. தடைகளில் கிட்டத்தட்ட பாதி நமக்கு நாமே உண்டாக்கிக்கொள்வது என்றும் அவர் கண்டிருக்கிறார். என் 9 கோட்டுக்கு இதனால் ஒரு ஆறுதல்.

ஆனால் அவர் செய்ததில் என்னை நிறுத்தியது 2008-ல் வந்த ஒரு சோதனைதான். சிலரை உட்காரவைத்து மெயிலுக்குப் பதில் எழுதச் சொல்லி, நடுநடுவே போனிலும் சாட்டிலும் தொந்தரவு செய்து பார்த்தார்கள். தொந்தரவுக்கு ஆளானவர்கள் வேலையை மெதுவாக முடித்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை, சீக்கிரம் முடித்தார்கள்! போன நேரத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டிக்கொண்டார்கள். அதற்கு விலையாக எரிச்சலும் மன அழுத்தமும் கூடியிருந்தன. படித்ததும் எனக்கு 20ஆம் தேதி ராத்திரி வீட்டுக்குப் போகும் நான்தான் ஞாபகம் வந்தாள். அன்றைக்கு என்னைப்போல் வேகமாக வேலை செய்கிறவள் ஊரில் இருக்க மாட்டாள். வீட்டுக்குப் போய் குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் அதன் மேலும் கோபம் வரும். வேகம் குறைந்திருந்தால் எங்கள் சாருக்கும் எப்போதோ உறைத்திருக்கும். வேலை முடிந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை.

மல்டிடாஸ்கிங் என்பது மனிதர்களுக்காக உண்டான சொல்லே கிடையாது. 1960களின் நடுவில் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 கணினியைப் பற்றி எழுதும்போது புழக்கத்துக்கு வந்த சொல். சாஃப்ட்வேரில் இருக்கும் என் தம்பி இதை விளக்கினான். ஒரே ஒரு பிராசசர் இருக்கும் கணினி ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்யும், வேகமாக மாறி மாறிச் செய்வதால் எல்லாம் சேர்ந்து ஓடுவதுபோல் நமக்குத் தெரியும், அவ்வளவுதான். "ஆனா ஒண்ணு, மாறறதுக்கு முன்னாடி எந்த வரியில நின்னோம், கையில என்ன நம்பர் இருந்துச்சுன்னு எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டுத்தான் அடுத்ததுக்குப் போகும்" என்றான். சொல்லைக் கணினியிடமிருந்து வாங்கிக்கொண்டோம், இந்தப் பழக்கத்தை மட்டும் வாங்காமல் விட்டுவிட்டோம் போல.

நம்மூரில் இதற்கு ஒரு கலையே இருந்தது என்று உடனே யாராவது சொல்வார்கள், எங்கள் ஆபீஸில் சொன்னார்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் வருவாரே, சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கத்தில், அறிஞர்கள் பலர் முன்னிலையில் நூறு செயல்களை ஒரே நேரத்தில் செய்து காட்டியவர். அவதானத்தில் ஒருவர் மணி அடிப்பார், இன்னொருவர் முதுகில் பூ எறிவார், வேறொருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், எல்லாவற்றையும் கணக்கு வைத்துக்கொண்டு முடிவில் அவதானி பதில் சொல்ல வேண்டும். அவதானம் என்றாலே கவனம்தான். இலங்கைத் தமிழர்கள் இன்றும் "அவதானமாப் போங்கோ" என்றுதான் வழியனுப்புகிறார்கள். எனக்கு அந்தக் கலைமேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அதைக் காட்டி "பாரு, மனுசனால முடியும்" என்று என்னிடம் சொல்வதை ஒத்துக்கொள்ள முடியாது. அவதானி வருடக்கணக்கில் பழகி, ஒரு நாள் குறித்து, சபை கூட்டி உட்காருகிறார். தொந்தரவு செய்கிறவர்கள் அத்தனை பேரும் அவர் எதிரில் இருக்கிறார்கள், நிகழ்ச்சி முடிந்ததும் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். மணி அடித்தவர் "மணி அடிச்சேனுங்களே, கேட்டுச்சுங்களா" என்று மறுபடி போன் போட மாட்டார்.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 2010 வாக்கில் 200 பேரை வண்டி ஓட்டும் சிமுலேட்டரில் உட்காரவைத்து, ஓட்டிக்கொண்டே போனில் கணக்குக்குப் பதில் சொல்லவும் வார்த்தைகளை நினைவில் வைக்கவும் சொன்னார்கள். இரண்டிலும் சறுக்காமல் செய்தவர்கள் நூற்றுக்கு இரண்டரை பேர். எங்கள் ஆபீஸில் மொத்தம் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் தாங்கள் அந்த இரண்டரையில் ஒருவர் என்று நினைப்பு.

சரி, பட்டறைக்கு வருகிறேன்.

ஆவாரம்பாளையத்தில் எங்களுக்கு ஒரு கிளையண்ட் இருக்கிறார். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், தகரக் கூரை. பம்ப்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறார். 3பி தாக்கல் செய்யக் கடைசியில் ஒரு ஓடிபி வேண்டும், அது முதலாளியின் போனுக்குப் போகும். (ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பேங்க் ஒருபக்கம் கத்திக்கொண்டிருக்க, நாங்கள் மாதாமாதம் நாற்பது பேரிடம் கேட்டு வாங்குகிறோம்.) அது சில நிமிடம்தான் செல்லும். ஜிஎஸ்டி தளமும் 15 நிமிடம் தொடாமல் விட்டால் தானாக வெளியே தள்ளிவிடும், மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி கேப்ச்சா. இந்த மனிதரோ போனை எடுக்கவே மாட்டார். ஒரு 20ஆம் தேதி எட்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கோபத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்விட்டேன்.

"வாங்க அம்மிணி" என்றார், ஆனால் மெஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஓட்டம் முடிந்து, சுவிட்சை அணைத்து, சுற்று நின்ற பிறகுதான் திரும்பினார்.

"அண்ணா, காலையில இருந்து கூப்பிட்டுட்டே இருக்கேன்."

"போனு மேசைக்குள்ள கெடக்குதுங்க. மெஷின் ஓடறப்ப எடுக்கறதில்லை."

நான் முகத்தை எப்படி வைத்திருந்தேனோ தெரியவில்லை, அவராகவே சக் கீ என்ற சாவியைக் கையில் எடுத்துக் காட்டினார். டீ எழுத்து மாதிரி இருக்கும், நல்ல கனம். கடைய வேண்டிய இரும்பை, அதைப் பிடித்துக்கொண்டு சுற்றும் சக்கில் வைத்து அந்தக் கீயால்தான் இறுக்குவார்கள். இறுக்கிவிட்டு, கீயை எடுக்க மறந்து அப்படியே மெஷினைப் போட்டால் கீ பிய்த்துக்கொண்டு பறக்கும். எதிரில் நிற்கிறவர் நெற்றியோ வாயோ போகும். அவருடன் வேலை பழகின ஒருவருக்குப் பல் போயிருக்கிறது. "எறுக்கிட்டு இருக்கறப்ப யாராவது கூப்புடுவாங்க, அப்படியே திரும்புவோம், பேசிட்டு வந்து சுவிட்ச்சைப் போடுவோம். கீ உள்ளயே நிக்கும். மறதிக்காரன் பண்றதில்லைங்க இது, நல்ல வேலைக்காரந்தான் பண்ணுவான்" என்றார். அவருக்குக் கற்றுக்கொடுத்த மேஸ்திரி வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று: "கீ சக்குல இருக்கற வரைக்கும் கை கீயில இருக்கோணும். கையை எடுத்தா கீயும் கையோட வரோணும்."

அதாவது பேசக் கூடாது, திரும்பக் கூடாது என்றெல்லாம் அந்த மேஸ்திரி சொல்லவில்லை. பட்டறையில் ஆள் வரத்தான் செய்வார்கள். வேலையை விட்டுத் திரும்பு, ஆனால் எந்த நிலையில் விட்டுத் திரும்புகிறாய் என்பதுதான் அவருக்கு முக்கியம். என் 2019 கதையில் போனை எடுத்தது பெரிய தப்பில்லை. கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

இதையே சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் ஆய்வாகவே எழுதியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனால் கவனத்தில் ஒரு துண்டு பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று 2009-ல் எழுதினார். 2018-ல் தெரசா கிளாம்ப் என்பவரோடு சேர்ந்து இன்னொன்றைச் சோதித்தார். எழுந்து போவதற்கு முன், எங்கே நிற்கிறோம், வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நிமிடம் குறித்து வைத்துவிட்டுப் போனால் அந்த ஒட்டல் குறைகிறது. ஆவாரம்பாளையத்து மேஸ்திரி படிக்காமலேயே சொன்னது.

கை போகிற வேலையில் விதி தானாக வந்துவிடுகிறது. உயிர் போகிற வேலையிலும் அப்படித்தான். விமானம் 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது காக்பிட்டில் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு கூடாது என்று அமெரிக்காவில் 1981-லேயே விதி வந்துவிட்டது. மேலே போனால் அந்த விதி கிடையாது, அதில்தான் இன்னொரு கதை நடந்தது. 2009 அக்டோபர் 21 அன்று சான் டியேகோவிலிருந்து மினியாபொலிஸுக்கு 144 பயணிகளோடு போன நார்த்வெஸ்ட் 188 விமானம், இறங்க வேண்டிய ஊரைத் தாண்டி சுமார் 240 கிலோமீட்டர் போய்விட்டது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் தரையிலிருந்து கூப்பிட்டும் பதில் இல்லை. விமானிகள் தூங்கவில்லை என்றும், லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கம்பெனியின் புது ட்யூட்டி அட்டவணை முறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார்கள். எப்போது இறங்குவோம் என்று பணிப்பெண் இன்டர்காமில் கேட்ட பிறகுதான் சுதாரித்தார்கள். பத்திரமாகத்தான் திரும்பி வந்து இறக்கினார்கள், லைசென்ஸ் போய்விட்டது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர்கள் ரீல்ஸா பார்த்தார்கள்? ஆபீஸ் விஷயத்தைத்தான் பேசினார்கள். என் வேலையைக் கெடுப்பதில் பெரும்பகுதியும் ஆபீஸ் விஷயம்தான்.

ரத்தம் வராத வேலைக்கு யாரும் விதி போடுவதில்லை. அதனால் நானே ஒன்று போட்டுக்கொண்டேன். மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. போன் அடித்தால், எடுப்பதற்கு முன் ஒரு வரி: "இண்ட். இன்புட். ஐஜிஎஸ்டி வரை ஆச்சு." அதற்குள் போன் இன்னும் மூன்று தடவை அடிக்கும், அடிக்கட்டும். எங்கள் ஆபீஸில் முன்பு ஒரு பெரியவர் பேரேடு கூட்டுவார். யாராவது பேச வந்தால் இடது கையை உயர்த்திக் காட்டிவிட்டு, நின்ற வரியில் பென்சிலால் ஒரு டிக் போட்ட பிறகுதான் நிமிர்வார். அவர் போனதும் அந்தக் கையை மாதிரி செய்து காட்டிச் சிரித்திருக்கிறோம். என் நோட்டும் அந்த டிக்தான்.

வாட்ஸப் வெப்பை காலையில் இரண்டு மணி நேரம் மூடி வைக்கலாமா என்று சாரிடம் கேட்டேன். டேபுக்குத் தலையில் (7), (12) என்று எண் ஏறிக்கொண்டே இருப்பதைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கூட்டுவது? "கிளையண்ட் கோவிச்சுக்குவாங்கம்மா" என்றார். பேசிப் பேசி, முறை வைத்து ஒருவர் மட்டும் எல்லாருடைய போனையும் பார்ப்பது என்று ஒத்துக்கொண்டார். இரண்டு மாதமாக ஓடுகிறது, பாதி நாள் ஓடுவதில்லை. போன மாதம் 20ஆம் தேதி மறுபடி எண்ணியபோது கோடு 31-லிருந்து 22-க்கு வந்திருந்தது. எனக்கு நானே போட்டுக்கொள்ளும் 9 மட்டும் 8 ஆகியிருக்கிறது. அதற்கு நோட்டு எல்லாம் வேலைக்கு ஆகவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் பட்டறையிலிருந்து திரும்பும்போது உறைத்த இன்னொரு விஷயம் உண்டு. நாற்பது பேர் என்னைத் தொந்தரவு செய்கிறார்கள் என்று ஊரெல்லாம் புலம்புகிறேன். 20ஆம் தேதி அந்த நாற்பது பேரையும் அவர்கள் வேலைக்கு நடுவில் கூப்பிட்டு, ஆறு எண்ணைச் சொல்லு, சீக்கிரம் சொல்லு என்று விரட்டுவது நான்தான். அந்த அண்ணன் போனை மேசைக்குள் போடவில்லை என்றால், எட்டு முறையில் ஒரு முறையாவது அவர் கை கீயில் இருந்திருக்கும்.

அன்றே அவரிடம் கேட்டேன், எப்போது கூப்பிடட்டும் என்று. "ஒரு மணிக்குச் சாப்புட உக்காருவனுங்க, ஒண்ணரை வரைக்கும் போனு கையிலதான்" என்றார். அதை அவர் ஃபைலின் மேலேயே எழுதி வைத்தேன். அப்புறம் ஒவ்வொருவராகக் கேட்கப்போய், இப்போது என் மேசைக்கு மேலே சுவரில் ஒரு பட்டியல் தொங்குகிறது. சமையல் கான்ட்ராக்டர் சாயந்திரம் 3-லிருந்து 4, அதற்கு முன்னும் பின்னும் அடுப்பு. பால் ஏஜென்ட் காலை 11-க்கு மேல், மத்தியானம் தூங்குவார். மெடிக்கல் ஷாப்காரர் எப்போதும் எடுப்பார், ஆனால் கூட்டமாக இருந்தால் ஓடிபிக்குப் பதிலாக மாத்திரை விலையைச் சொல்வார். நகைக்கடைக்காரர் ஒருவர் மட்டும், "எனக்கெல்லாம் டைம் எதுக்குங்க மேடம், எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்றார். அவர் பெயருக்கு நேராக எதுவும் எழுதவில்லை. இன்றைக்குத் தேதி 18, மூன்று நாளாகக் கூப்பிடுகிறேன், எடுக்கவில்லை.